‘பகுத்தல்’ என்றால் வெட்டுவதா, ஆராய்வதா?

மும்பையில் இந்தி வழியில் படிக்கும் என் அக்கா மகள் இதைக் கேட்டாள். உயிரியல் பாடத்தில் தவளைப் படத்தைக் காட்டி, “மாமா, தவளையைப் பகுத்தார்கள்னு எழுதலாமா?” என்றாள். கூடாது. கத்தி பிடித்தால் அது அறுப்பது, வெட்டுவது. மருத்துவமனையில் இறந்தவர் உடலை அப்படி ஆராய்ந்தால் உடற்கூறாய்வு. அதிலுள்ள ‘கூறு’ என்பது பகுதி. தாராவிச் சந்தையில் தக்காளியைக் கூறு போட்டு விற்கிறார்களே, அதே கூறுதான்.

பகுத்தல் என்றால் பிரித்தல், பங்கிடுதல். இன்று பெரும்பாலும் அறிவால் பிரிப்பதற்கே வருகிறது: பகுத்தறிவு, பகுப்பாய்வு. ரத்தத்தைப் பகுப்பாய்வு செய்கிறோம், அறுப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இலக்கணத்தில் வரும் பகுபதம். ‘படித்தான்’ என்ற சொல்லைப் பிரித்தால் படி + த் + த் + ஆன். ‘படி’ பகுதி, முதல் ‘த்’ சந்தி, அடுத்த ‘த்’ இறந்தகாலம் காட்டும் இடைநிலை, ‘ஆன்’ ஆண்பால் விகுதி. எவ்வளவு துல்லியம் பாருங்கள்! ‘மண்’ என்பதை இப்படிப் பிரிக்க முடியாது, அது பகாப்பதம். அப்புறம் கணக்கில் 7, 11 எல்லாம் பகா எண்கள். அங்கேயும் இதே வினைதான்.