கழுத்தில் கட்டி இல்லாதபோது கழுத்தை ஏன் திறக்க வேண்டும்?

கேள்வி: வெற்றிலையுடன் நெடுங்காலமாகப் புகையிலை போட்டுவந்த என் தந்தையாருக்கு நாக்கின் ஓரத்தில் ஏற்பட்ட ஆறாத புண், புற்றுநோய் என்று இழையப் பரிசோதனையில் தெரியவந்துள்ளது. கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஸ்கேனும் சுத்தம் என்கிறார்கள். அப்படியிருந்தும் கழுத்துக் கணுக்களையும் சேர்த்து அகற்ற வேண்டும் என்று வைத்தியர் சொல்வது ஏன்?
- ஒரு மகள், சாவகச்சேரி

பதில்: வைத்தியரின் ஆலோசனை சரியானதே. வாய்ப் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் சென்று தங்குவது தாடைக்குக் கீழும் கழுத்தின் மேற்பகுதியிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள் எனும், கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகளில்தான். விரலால் தடவும்போது பெருத்த கணுக்களே அகப்படும். ஸ்கேனில், கணுவின் குறுக்களவு ஏறத்தாழ 10 மில்லிமீற்றரைத் தாண்டியிருக்கிறதா, அவரை விதை போன்ற அதன் வடிவம் மாறி உருண்டுவிட்டதா, நடுப்பகுதி நைந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஐயம் எழுந்தால் அல்ட்ரா சவுண்ட் துணையுடன் ஊசியால் கலங்களை எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆனால், அளவோ வடிவமோ மாறாத கணுவுக்குள் 2 மில்லிமீற்றருக்கும் சிறிய புற்றுத் திட்டு ஒளிந்திருந்தால், சி.டி., எம்.ஆர்.ஐ., பெற் ஸ்கேன் ஆகிய எதுவும் அதை நம்பகமாகக் காட்டாது. கழுத்து சுத்தமாகத் தோன்றும் நோயாளரில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதமானோரின் கணுக்களில், அகற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது புற்றுக் கலங்கள் இருக்கின்றன.

வீங்கிய பின் அகற்றினால் போதாதா என்றால், போதாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் வெளியானது. ஆரம்பநிலை நோயாளரில், முதற் சத்திரசிகிச்சையிலேயே கணுக்களையும் அகற்றிக்கொண்டவர்களில் 80 சதவீதமானோர் மூன்று ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தனர். கணு வீங்கும்வரை காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதமே. கத்தி வைத்தால் புற்று பரவிவிடும் என்று ஊரில் சொல்லப்படுவதை நம்பி நாட்களைக் கடத்திவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

புற்று நாக்கினுள் எத்தனை மில்லிமீற்றர் ஆழம் இறங்கியுள்ளது என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். 3 அல்லது 4 மில்லிமீற்றரைத் தாண்டினால் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்புக் கணிசமாகக் கூடும். சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்குத் தோளைத் தூக்குவது சிரமமாகலாம். இயன்மருத்துவப் பயிற்சியை விரைவில் தொடங்குவது நல்லது. அகற்றிய கணுக்களின் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அவற்றில் புற்று இருந்ததா, கணுவின் உறையைக் கிழித்து வெளியேறியதா என்பதைப் பொறுத்தே, தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்ச் சிகிச்சை பெற வேண்டுமா, அத்துடன் மருந்துச் சிகிச்சையும் வேண்டுமா என்பது முடிவாகும்.