பக்கத்து ஆழ்துளைக் கிணற்றால் ஓடை வற்றுமா? கணினி மாதிரியிடம் கேட்க வேண்டியவை

மொரீஷியஸின் வட சமவெளியில் ஓடையோரம் காய்கறி பயிரிடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “300 மீட்டர் தள்ளி ஆழ்துளைக் கிணறு தோண்டப்போகிறார்கள். ஓடைக்குப் பாதிப்பில்லை என்று கணினி மாதிரி காட்டுவதாக அறிக்கை சொல்கிறது. நம்பலாமா?”

முடிவைப் படிக்கும் முன், அந்த மாதிரியில் ஓடை எப்படிச் சேர்க்கப்பட்டது என்று கேளுங்கள். நிலத்தடி நீர் எப்படி நகரும் என்ற இத்தகைய கணிப்புகளுக்குப் பரவலாகப் பயன்படுவது அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் மாட்ஃப்ளோ மென்பொருள். அதில் ஓடையைச் சேர்க்க உதவும் கூறுகளில் எளியதான ‘ரிவர்’ தொகுப்பில், ஓடையின் நீர்மட்டத்தை மாதிரி தயாரிப்பவரே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறார். பம்பு எவ்வளவு இழுத்தாலும் அந்த மட்டம் இறங்காது. ஓடையில் உண்மையில் எவ்வளவு நீர் வருகிறது என்ற கணக்கே அங்கு இல்லாததால், வற்றாத ஓடை ஒன்று நிலத்தடிக்கு நீர் கொடுத்துக்கொண்டே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அக்டோபரில் கணுக்கால் அளவே ஓடும் ஓடைக்கு இது பொருந்தவே பொருந்தாது. ‘ஸ்ட்ரீம்ஃப்ளோ ரவுட்டிங்’ தொகுப்போ, மேலிருந்து வரும் நீரையும் கசிவையும் ஓடையின் ஒவ்வொரு பகுதியிலும் கணக்கிட்டு, நீர் தீர்ந்த இடத்தில் கசிவையும் நிறுத்திவிடும். அதைக் கொண்டு மாதிரியை மறுபடி இயக்கிக் காட்டும்படி வற்புறுத்துங்கள். மழை, மண் ஈரம், ஓடை, நிலத்தடி நீர் அனைத்தையும் நாள்வாரியாக இணைக்கும் ஜிஎஸ்ஃப்ளோ மென்பொருளும் 2008 முதல் உண்டு; ஒரே கிணற்றுக்கு அது தேவைப்படாது.

அடுத்தது காலம். கிணற்றுக்கும் ஓடைக்கும் உள்ள தொலைவின் வர்க்கத்தை நீர்த்தேக்கக் கெழுவால் (நீர்மட்டம் இறங்கும்போது பாறை எவ்வளவு நீரை விடும் என்ற அளவு) பெருக்கி, பாறையின் நீர்கடத்து திறனால் (பாறை அடுக்கின் வழியே நீர் எவ்வளவு எளிதாகப் பாயும் என்ற அளவு) வகுத்தால், பம்பு ஓடத் தொடங்கியதிலிருந்து எண்ண வேண்டிய நாட்களின் எண்ணிக்கை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கெழு 0.05, கடத்து திறன் நாளொன்றுக்கு 500 சதுர மீட்டர் என்றால், 300 மீட்டருக்கு 9 நாள், 1,000 மீட்டருக்கு 100 நாள். ஓடைப் படுகையில் நீர்க்கசிவுக்குத் தடையில்லை என்றால், அந்த நாள் வரும்போது இறைக்கும் நீரில் ஏறத்தாழ பாதி ஓடையிலிருந்தே எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். இந்த விளைவு தாமதமாக வருவதால், பம்பை நிறுத்திய பின்பும் ஓடையின் இழப்பு சில காலம் தொடரும். எனவே சில நாள் பம்பிங் சோதனையை மட்டும் காட்டி “பாதிப்பில்லை” என்று சொல்வதை ஏற்காதீர்கள். வறண்ட பருவம் முழுவதற்கும் மாதிரியை இயக்கிப் பெற்ற கணிப்பு வேண்டும்.

நம் தீவின் எரிமலைப் பாறை இன்னொரு சிக்கல். வெடிப்புகளும் குகைகளும் உள்ள இளம் பாறையில் நீர் வேகமாகப் பாயும். களிமண்ணாகச் சிதைந்த பழைய பாறை அதைத் தடுக்கும். நிலம் முழுவதற்கும் ஒரே கடத்து திறனைக் கொடுத்த மாதிரியை அப்படியே நம்ப முடியாது.

மழை பெய்யாத ஒரு நாளில், கிணற்றிடத்துக்கு மேலும் கீழுமாக ஓடையின் நீரோட்டத்தை அளக்கச் செய்யுங்கள். இடையில் கிளையோடையோ பாசன இறைப்போ இல்லாவிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த இடைவெளியில் ஓடை பெறும் அல்லது இழக்கும் நிலத்தடி நீராகும். மாதிரி அதே வேறுபாட்டைத் தராவிட்டால், அதைச் சரிசெய்த பிறகே கிணற்று அனுமதியைப் பரிசீலிக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.