தம்பியின் சிறுநீர் ஏன் டீ நிறத்தில் போனது?

ஒரு பக்கக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 'போன வாரம் தண்டனையாக நூற்றுக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுக்க வைத்தார்களாம். மறுநாள் சிறுநீர் பால் சேர்க்காத டீ மாதிரி போனதாம். உடம்புச் சூடுதானே டாக்டர்?'

சூடு இல்லை. ராணுவ அடிப்படைப் பயிற்சியில் மூன்றாவது வாரத்தில் இருக்கும் உங்கள் தம்பி, இதை இன்றைக்கே முகாம் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

பழக்கமில்லாத தசைகளை ஒரே நாளில் அளவுக்கு மீறி வதைத்தால் தசை நார்கள் உடைந்து, உள்ளே இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்துவிடும். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும்போது தெரிவதுதான் அந்த டீ நிறம். அளவு கூடினால் சிறுநீரகம் செயலிழக்கலாம். உடைந்த தசையிலிருந்து வரும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். ராப்டோமயோலைசிஸ் என்பது இதன் பெயர். பயிற்சியின் முதல் வாரங்களில் வருவதுதான் அதிகம். கடும் வெயிலிலும், காய்ச்சல் சரியாக விடாமல் மைதானத்துக்குப் போகிறவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்.

தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் சிறுநீர் அடர் மஞ்சளாகத்தான் போகும். நன்றாகத் தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். பழுப்பாக, டீ போல, கோலா போலப் போவது வேறு. கூடவே கை தொடைகள் வீங்கி, கையை மடக்க முடியாத அளவுக்கு வலித்ததா என்றும் கேளுங்கள். 'இப்போது நிறம் சரியாகிவிட்டது அக்கா' என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். மயோகுளோபின் சீக்கிரம் வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு அடி விழுந்திருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், தசை உடைந்தால் ரத்தத்தில் கூடும் சி.கே. என்கிற கிரியேட்டின் கைனேஸ் மூன்றையும் பார்க்க வேண்டும். பயிற்சியில் இருக்கும் யாருக்கும் சி.கே. கொஞ்சம் கூடித்தான் இருக்கும். லிட்டருக்கு 5,000 யூனிட்டைத் தாண்டினால் சிறுநீரகத்தை நினைத்து நாங்களே கவலைப்படுவோம். முடிவு வரும்வரை அவர் ஓடக் கூடாது, தண்டால் எடுக்கக் கூடாது. நேரத்தோடு கண்டுபிடித்து ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றினால் பெரும்பாலானவர்கள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த மாத்திரை. தினமும் மூன்று ஐபுப்ரோஃபென் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறார், இன்னொரு அட்டை அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். அனுப்பவே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அந்த மாத்திரை இன்னும் குறைக்கும். யாரைக் கேட்டு ஆரம்பித்தார்? இணையத்தில் பார்த்து வாங்கிய அந்த 'எனர்ஜி' பவுடரும் வேண்டாம். அதற்காக லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கச் சொல்லியும் அனுப்பாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதிலும் உயிர் போகும்.

மற்றவற்றுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. 20 வயதுக்காரர் வேகமாக ஓடும்போது நாடி 180 அடிப்பது இயல்பு. ஓடும்போது மயங்கி விழுந்ததில்லை, குடும்பத்தில் யாரும் இளம் வயதில் திடீரென இறந்ததில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிறகு எதற்கு இரவெல்லாம் மாரடைப்பு வீடியோக்கள்? இரவில் கெண்டைக்கால் பிடிப்பதும் இரண்டு கிலோ குறைந்ததும் பயிற்சியின் விளைவுதான். முழங்காலுக்குக் கீழே பரவலாக வலிப்பதும் அப்படித்தான். ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் மட்டும் எலும்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஓட்டத்தில் கடைசியாக வருகிறார், 'என்னால முடியலக்கா' என்று போனில் அழுகிறார், எப்படித் தைரியம் சொல்வது? மூச்சும் இதயமும் ஒரு பயிற்சிக்குப் பழக ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும், அவர் மூன்றாவது வாரத்தில்தான் இருக்கிறார். அவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். மற்றவர்களின் நேரத்தைக் கேட்காதீர்கள். முதல் வாரம் அவர் எவ்வளவு நேரம் எடுத்தார், இப்போது எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

'பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கோ' என்று மட்டும் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்த அணியோடு மறுபடி தொடங்க வைப்பார்கள் என்ற பயத்தில்தான் இந்தப் பிள்ளைகள் மருத்துவ அறைப் பக்கமே போவதில்லை. நாம் தாங்கிக்கோ என்று சொல்லும்போது அந்தப் பயத்துக்கு நாமும் துணை போகிறோம். 'சில வாரம் தள்ளிப்போனால் போகட்டும்டா, திரும்பியே வந்தாலும் எங்களுக்கு நீதான் வேணும், முதலில் டாக்டரிடம் போ' என்று அக்கா வாயிலிருந்து கேட்டால் அவர் போவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்யும்வரை காத்திருக்காதீர்கள். முகாம் அலுவலகத்துக்கு நீங்களே பேசி, சிறுநீர் நிறம், அது நடந்த நாள், அவர் போடும் மாத்திரை மூன்றையும் சொல்லி, மருத்துவரிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள்.