முப்பது மில்லிக்கு மூன்று சொட்டு போதும்

கேள்வி: எனக்கு வயது 53. மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது. முகம் வறண்டு, கண்ணோரத்திலும் வாயோரத்திலும் சுருக்கம் விழுந்திருக்கிறது. கன்னத்தில் லேசாக மங்கு என்னும் கருந்திட்டும் உண்டு. 50 கிராம் கற்றாழை ஜெல், 30 மில்லி தேங்காய் எண்ணெய், அதில் லாவெண்டர், எலுமிச்சை, பிராங்கின்சென்ஸ் எசென்ஷியல் ஆயில்கள் தலா 15 சொட்டு கலந்து, காலையில் பூசிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இது சரிதானா? எத்தனை நாளில் பலன் தெரியும்?

பதில்: இந்தக் கலவை வேண்டாம். ஏற்கெனவே கலந்துவிட்டீர்கள் என்றால் முகத்தில் படாமல் ஒதுக்கி வையுங்கள். அளவு, எதில் கலக்கிறோம், எப்போது பூசுகிறோம் என மூன்றுமே இதில் பிசகியிருக்கின்றன.

அளவிலிருந்து வருவோம். மொத்தம் 45 சொட்டு. மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் 2.25 மில்லி. ஜெல்லையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூன்று விழுக்காட்டுக்குள் அடங்குவதுபோலத் தெரியும். ஆனால் செடியிலிருந்து எடுக்கும் செறிந்த மண எண்ணெயான எசென்ஷியல் ஆயில் ஜெல்லில் இருக்கும் நீரில் கரையாது, தேங்காய் எண்ணெயில்தான் போய்ச் சேரும். 30 மில்லி எண்ணெயில் 2.25 மில்லி என்றால் ஏறக்குறைய 7 விழுக்காடு. பூசிக் கழுவாமல் விடும் முகப்பூச்சுக்கு அரை விழுக்காடு போதும். ஒன்றைத் தாண்டத் தேவையே இல்லை. அதிலும் உங்கள் வயதில் தோல் மெலிந்து, எண்ணெய்ச் சுரப்பும் குறைந்திருக்கும். ஒருமுறை எரிச்சல் வந்தால் இருபது வயதுத் தோலைப்போலச் சட்டென்று ஆறாது.

அடுத்தது ஜெல். ஜெல்லையும் எண்ணெயையும் கரண்டியால் அடித்தால் வெண்மையாகச் சேர்ந்தாற்போல் இருக்கும். மறுநாள் காலையில் பிரிந்து நிற்கும். இரண்டையும் பிடித்து வைக்க எமல்சிஃபையர் வேண்டும். பன்னீரில் எசென்ஷியல் ஆயில் விட்டுக் குலுக்கி ஸ்ப்ரே செய்வதிலும் இதே கோளாறுதான்: சொட்டு கரையாமல் மேலே மிதந்து, முகத்தில் ஒரே இடத்தில் நேரடியாக விழும். இன்னொன்று, நீர் சேர்ந்த எதிலும் கிருமி வளரும். லாவெண்டர் போட்டால் கெடாது என்று நம்பிப் பலரும் ஏமாறுகிறார்கள். முகத்துக்குத் தாங்கும் அளவு எசென்ஷியல் ஆயில் ஒரு பொருளைக் கெடாமல் காக்காது. கெடாமல் காக்கும் அளவு போட்டால் முகம் தாங்காது. எனவே கற்றாழையை அன்றன்றைக்கு வெட்டி, மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவித் தனியாகப் பூசுங்கள். குப்பியில் எண்ணெய் மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பெரிய தவறு: எலுமிச்சை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் நடப்பது. பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை எண்ணெயில் ஃபுரோகூமரின் என்ற பொருள்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதா ஏ கதிர் பட்டால் தோல் வெந்துபோனதுபோல் சிவக்கும், சில சமயம் கொப்புளிக்கும். சிவப்பு அடங்கினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். நம் நிறத்துத் தோலில் அது இன்னும் அழுத்தமாகவே விழும். வெயில் படும் தோலில் விட்டுவிடும் பூச்சுகளுக்கு இஃப்ரா என்ற சர்வதேச நறுமணப் பொருள் சங்கம் வைத்திருக்கும் உச்ச வரம்பு, பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய்க்கு 2 விழுக்காடு, லைம் எண்ணெய்க்கு 0.7, பெர்கமாட் என்ற இன்னொரு சிட்ரஸ் எண்ணெய்க்கு 0.4. உங்கள் கலவையின் எண்ணெய்ப் பகுதியில் எலுமிச்சை மட்டுமே 2.3 விழுக்காடு வருகிறது. ஏற்கெனவே மங்கு உள்ளவர் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம்; சிட்ரஸ் எண்ணெய்களை முகத்திலிருந்து தள்ளி வைத்துவிடலாம்.

இந்த இடத்தில் நம்மூர்ச் சரக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். நலங்கு மாவில் சேர்க்கும் கார்போக அரிசி என்ற விதையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சோராலென் இருக்கிறது. சோராலென் என்ற பெயரே அந்தச் செடியின் தாவரப் பெயரிலிருந்து வந்ததுதான். வெண்புள்ளிக்குச் சோராலெனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துச் சிகிச்சை தருவது இந்தக் குணத்தை வைத்துத்தான். மாவாகப் பூசி உடனே கழுவுவது வேறு. அந்த விதையை எண்ணெயில் ஊறவைத்துப் பூசி, கழுவாமல் வெயிலில் போவது வேறு. குழப்பம் எங்கே வருகிறது என்றால், சுருக்கத்துக்காகப் பேசப்படும் ‘பாக்குச்சியால்’ (bakuchiol) என்ற பொருள் கிடைப்பதும் இதே விதையிலிருந்துதான். அது பிரித்தெடுத்துச் சுத்திகரித்த ஒரே ஒரு பொருள். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 44 பேர் 12 வாரம் பயன்படுத்தினார்கள், 0.5 விழுக்காடு ‘பாக்குச்சியால்’, அதே அளவு ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைக்கு ஈடாகச் சுருக்கத்தையும் கருமையையும் குறைத்தது. ‘பாப்சி ஆயில்’ என்று கடையில் விற்கும் இந்த விதையின் எண்ணெய் அதுவல்ல. அதில் சோராலெனும் சேர்ந்து வரும்.

பிராங்கின்சென்ஸ், அதாவது குந்திரிக்க எண்ணெய், முதுமையை மாற்றும் என்று விற்கப்படுகிறது. பெரும்பாலும் காட்டப்படும் காரணம் பாஸ்வெலிக் அமிலம். அது பிசினில் இருப்பது உண்மை. ஆனால் கனமான மூலக்கூறு. ஆவியில் ஏறி வராது. ஆவியாக்கி வடித்த எண்ணெயில் அதைத் தேடிப் பயனில்லை. கேரட் விதை எசென்ஷியல் ஆயிலில் பீட்டா கரோட்டின் இல்லாததும், ரோஸ்ஹிப் எண்ணெயில் வைட்டமின் சி இல்லாததும் இப்படித்தான். செடியில் இருப்பதெல்லாம் குப்பிக்குள் வந்துவிடாது.

அப்படியானால் வீட்டு எண்ணெய்ப் பூச்சால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அதைத் தருவது அடியில் இருக்கும் சாதாரண எண்ணெய். தோலிலிருந்து நீர் ஆவியாவதை அது குறைக்கிறது. வறட்சியால் விழுந்த மெல்லிய கோடுகள் சில நாளிலேயே தணிந்து தெரியும். சிரித்துச் சிரித்துப் பதிந்த ஆழக் கோடுகளும் கொலாஜன் குறைந்து தொங்கும் தாடையும் எண்ணெய்க்கு அசையாது. எசென்ஷியல் ஆயில் தருவது பெரும்பாலும் மணம்தான். மணம் வேண்டும் என்று போடுவதில் தவறில்லை. சுருக்கம் போகும் என்று சொட்டைக் கூட்டுவதுதான் தவறு.

அடி எண்ணெயில் தேங்காய் எண்ணெயை நாங்கள் முகத்துக்கு முதலில் சொல்வதில்லை. சிலருக்குத் துளை அடைத்துப் பொரிப்பொரியாக வரும். ஆலிவ் எண்ணெயும் வேண்டாம். ஓலிக் அமிலம் மிகுந்த அது தோலின் மேல்தடுப்பைத் தளர்த்துகிறது. லினோலிக் அமிலம் கூடுதலான சூரியகாந்தி எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது, மலிவும்கூட. புதிதாக உடைத்த பாக்கெட்டிலிருந்து சமையல் எண்ணெயையே எடுத்துக்கொள்ளலாம். அது சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும் என்பதால், எளிதில் கெடாத ஜோஜோபாவோடு கலப்பது வழக்கம். ஜோஜோபா உண்மையில் எண்ணெய் அல்ல, திரவ மெழுகு. அதனால்தான் நீண்ட நாள் நிற்கிறது.

30 மில்லிக்கு அளவு இது: ஜோஜோபா 20 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 10 மில்லி, எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காக்கும் டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) 0.15 மில்லி, எசென்ஷியல் ஆயில் 0.15 மில்லி. கடைசியாகச் சொன்னது மூன்று சொட்டு. லாவெண்டர் இரண்டு, சந்தனம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், அல்லது ஒரே எண்ணெயில் மூன்று. மருந்துக் கடையில் கிடைக்கும் பச்சை வைட்டமின் ஈ கேப்சூலை இதில் உடைத்து ஊற்றாதீர்கள். அதிலிருப்பது பெரும்பாலும் டோகோஃபெரில் அசிடேட். அந்த வடிவம் குப்பிக்குள் எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தடுக்காது. லேபிளில் டோகோஃபெரால் என்றே இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு, குறைந்த அளவில் அடிக்கடி கலந்துகொள்ளுங்கள்.

சொட்டுக் கணக்கு நம்பத் தக்கதல்ல. சந்தனம், வெட்டிவேர் போன்ற கெட்டி எண்ணெயின் சொட்டும் லாவெண்டரின் சொட்டும் ஒரே அளவாக விழாது. குப்பி வாய்க்கும் கண்ணாடி டிராப்பருக்கும்கூட வித்தியாசம் உண்டு. ஊசி நீக்கிய இன்சுலின் சிரிஞ்ச் இந்த வேலைக்கு அருமையான கருவி. 100 யூனிட் வகையில் 15 யூனிட்டும், 40 யூனிட் வகையில் 6 யூனிட்டும் 0.15 மில்லி. எந்த வகை என்று சிரிஞ்சிலேயே அச்சிட்டிருக்கும். பார்க்காமல் உறிஞ்சினால் இரண்டரை மடங்கு தவறிவிடும்.

கழுவி முழுக்க உலர்ந்த பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் எசென்ஷியல் ஆயிலை முதலில் விட்டு, அதன்மேல் மற்றவற்றை ஊற்றி மூடி, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். உள்ளே ஒரு துளி நீர் நின்றாலும் கெடும். ரப்பர் குமிழ் உள்ள டிராப்பர் மூடியோடு சேமிக்க வேண்டாம். ரப்பர் நாளாவட்டத்தில் இளகும்.

ஆனால் முதல் குப்பியில் எசென்ஷியல் ஆயிலே போடாதீர்கள். அடி எண்ணெயை மட்டும் இரண்டு வாரம் பூசிப் பாருங்கள். பின்னால் அரிப்பு வந்தால் குற்றவாளி யார் என்று தெரிய வேண்டுமல்லவா? அது ஒத்துக்கொண்டபின் மூன்று சொட்டு சேர்த்த குப்பியைச் சோதிக்கலாம். முழங்கை மடிப்புக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவு இடத்தில், காலையும் மாலையும், ஏழு நாள். ஒரே நாள் சோதனை போதாது. ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தலைகாட்டும், சிலருக்கு இன்னும் தாமதமாக. பிறகு தாடையோரம் மூன்று நாள். அதன்பின் முகம்.

பூசுவது இரவில். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காயும்முன் மூன்று நான்கு சொட்டு உள்ளங்கையில் தேய்த்து ஒற்றி எடுங்கள். கண்ணைச் சுற்றிய எலும்புக்கு உள்ளே போக வேண்டாம். கண்ணோரக் கோட்டுக்கு எசென்ஷியல் ஆயில் சேராத குப்பிதான் சரி. காலையில் எண்ணெய் பூசி அதன்மேல் சன்ஸ்கிரீன் போட்டால், சன்ஸ்கிரீன் சீராகப் படியாமல் வழுக்கும். நடைப்பயிற்சிக்கு முன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரிடம் நாலரை ஆண்டு நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களின் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது. எசென்ஷியல் ஆயில் எதற்கும் இப்படியொரு கணக்கு கிடையாது. ஆழமான சுருக்கத்துக்கு மருந்து வேண்டுமென்றால் ட்ரெட்டினாயின் உண்டு. தோல் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மங்குக்கும் அவரிடமே கேளுங்கள். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் கிரீம்கள் பக்கம் போகவே வேண்டாம், அவை தோலை இன்னும் மெலிய வைக்கும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். தாவரப் பெயர், எந்தப் பாகம், எப்படி எடுத்தது, பேட்ச் எண், காலாவதி நாள் இருக்க வேண்டும். லாவெண்டரில் ‘ஆங்குஸ்டிஃபோலியா’ என்பது நாம் தேடுவது. லாவண்டின் அதைவிடக் கற்பூர நெடி கூடிய கலப்பினம். ரோஜா, சந்தனம், லாவெண்டர் எல்லாம் ஒரே விலைக்கு ஒரு கடையில் இருந்தால் அவை எசென்ஷியல் ஆயிலாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் இதழ் வேண்டும். நூறு ரூபாய்க்கு வருவது செயற்கை வாசனை. இலவங்கப்பட்டை, கிராம்பு, எலுமிச்சைப்புல், புதினா எண்ணெய்கள் அசலாகவே இருந்தாலும் முகத்துக்கு ஆகாதவை. நீலகிரித் தைலமும் அப்படியே. அது குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது, விழுங்கினால் வலிப்பு வரலாம்.

ஒருவேளை முகம் எரிந்தால் தண்ணீரை வாரி அடிக்காதீர்கள். முதலில் வெறும் சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, வாசலின் மட்டும் தடவுங்கள். இமை வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவரிடம் போகும்போது குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள், எது ஒவ்வவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்ய அது உதவும்.

குப்பியின் மேல் கலந்த தேதியை எழுதி ஒட்டி, குளியலறையில் வைக்காமல் ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். குளிரில் ஜோஜோபா சற்று உறைந்தால் பயமில்லை. உள்ளங்கைச் சூட்டில் இளகிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் அந்தக் கலவை வேண்டாம். உடைத்த லாவெண்டர் குப்பியையும் ஓராண்டுக்கு மேல் முகத்துக்கு எடுக்காதீர்கள்: அதிலுள்ள லினலூல் என்ற மணப்பொருள் காற்றுப் பட்டு மாறும்போதுதான் ஒவ்வாமையை அதிகம் தூண்டுகிறது, மூக்குக்கு அது தெரியாது. பழையதைத் தரை துடைக்கும் வாளியில் சில சொட்டு விட்டுத் தீர்த்துவிடலாம், கையுறை போட்டுக்கொண்டு.