ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் 40 டாலர் கேட்கிறதே, மற்ற மாணவர்கள் எப்படித்தான் படிக்கிறார்கள்?

புராஜெக்ட் நேரத்தில் மாட்டிக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் 2017-இல் இப்படித்தான் முழித்தேன்.

எம்.எஸ்சி. தாவரவியல், அரசு உதவிபெறும் கல்லூரி. தலைப்பு சீமைக்கருவேலம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை வெட்டச் சொல்லி ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். தமிழில் தேடினால் வாட்ஸ்அப் சங்கதிதான் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் அதன் அறிவியல் பெயரான 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்று அடித்தால் கட்டுரைகள் கொட்டின. ஆனால் சுருக்கம் மட்டும்தான் இலவசம். சுருக்கங்களை மட்டும் படித்தே முன்னாய்வுப் பகுதியை ஒப்பேற்றிவிட்டேன். சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்த ஆய்வுல எத்தனை பிளாட் எடுத்தாங்க?" மாதிரிக்காக அளந்து எடுக்கும் நிலத்துண்டைத்தான் கேட்டார். அதெல்லாம் சுருக்கத்தில் இல்லை. நான் வாயே திறக்கவில்லை.

பிறகுதான் நூலகத்துக்குப் போனேன். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் 'என்-லிஸ்ட்' என்ற திட்டம், இன்ஃபிளிப்நெட் என்ற மத்திய அரசு சார்ந்த மையம் நடத்துவது. அந்தச் சந்தா எங்கள் கல்லூரிக்கு இருந்திருக்கிறது! "யாரும் வந்து கேக்கலியேப்பா" என்றார் நூலகர். மூன்றாம் நாள் ஐ.டி. வந்தது. எல்லாம் திறக்கவில்லை, பாதி திறந்தது. மீதிக்கு ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே இருக்கும் 'எல்லாப் பதிப்புகளும்' இணைப்பைத் தட்டிப் பாருங்கள். ஆசிரியரே எங்காவது பி.டி.எஃப். போட்டிருப்பார். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் இதே மரம்தான் தொல்லை. அங்கிருந்து வந்த கட்டுரைகள் பல இலவசமாகவே கிடைத்தன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்ற இலவச இணையத் தளம் இருக்கிறது.

இன்னொன்று. 2022-இல் இந்த மரத்தை நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பெயரில் மட்டும் தேடினால் புதிய கட்டுரைகள் சில தப்பிவிடும். உங்கள் துறையிலும் இப்படி ஏதாவது இருக்கும், இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' இருக்கிறது, ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம். தனியார் கல்லூரிப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்களோ.

"சை-ஹப்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாமே" என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு: தெரியும். கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் தளம் அது. அதன்மேல் பதிப்பகங்கள் தில்லி உயர்நீதிமன்றத்தில் 2020-லேயே வழக்குப் போட்டுவிட்டன. சொந்தப் பெயரில் எழுதுகிற இடத்தில் அதைச் சொல்லித்தர எனக்குத் தைரியமில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் படித்தேனே, கடைசியில் துறையில் கேட்டது என்ன தெரியுமா? 'சர்வதேச இதழில்' ஒரு கட்டுரை. 1,500 ரூபாய் கட்டினேன், நான்கே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். வந்ததைப் பார்த்தால் தலைப்பிலேயே மரத்தின் பெயர் தப்பு. திருத்த இன்னும் 500 கேட்டார்கள். கட்டவில்லை. இப்போதும் என் பெயரைத் தேடினால் முதலில் வருவது அதுதான்.