நீலத் தட்டில் ஏன் திட்டு விழுகிறது?

கடலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "2024 நவம்பர் கடைசியில் அடித்த ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டு மாமரம் சாய்ந்துவிட்டது. பலகையாக அறுத்துக் காயவைத்தோம். உள்ளே அலையலையாக ரேகை. 12 அங்குல அலங்காரத் தட்டு கடைந்து, ஸ்பிரிட்டில் கரைத்த நீலச் சாயம் பூசினேன். சில இடம் கறுத்துவிட்டது, சில இடத்தில் சாயமே பிடிக்கவில்லை. பிரெஞ்சு பாலிஷ் தேய்த்தால் பஞ்செல்லாம் நீலம். எங்கே தவறு?"

பாலிஷ் சிக்கல் சின்னது, அதை முதலில் முடித்துவிடுவோம். பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. உங்கள் சாயமும் ஸ்பிரிட்டில் கரைவதுதான். மேலே தேய்த்தால் கீழே இருப்பது கரைந்து பஞ்சில் ஏறத்தான் செய்யும். தண்ணீரில் கரையும் சாயத்தைப் பூசி நன்றாகக் காயவிட்டால் அதே பாலிஷைத் தாராளமாகப் போடலாம். வெளிறிய அரக்காகப் பார்த்து வாங்குங்கள். ஆளிவிதை எண்ணெய் வேண்டாம், நாளாக ஆக மஞ்சளித்து நீலத்தைப் பச்சையாக்கிவிடும்.

திட்டுக்குக் காரணம் சாயம் இல்லை, உளி. அலை ரேகை என்றால் நார் நேராக ஓடாமல் ஏறி இறங்கி ஓடுகிறது என்று அர்த்தம். போதாக்குறைக்கு, லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) தட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு இடத்தில் உளி நாருக்கு எதிராகப் போகிறது. அங்கெல்லாம் மரம் சீவப்படாமல் பிய்கிறது. பிய்ந்த நார் சாயத்தைப் பஞ்சு போல உறிஞ்சிக் கறுக்கும். பிடிக்காத இடத்துக்குக் காரணம் வேறு: தேய்ந்துபோன உப்புத்தாளை அழுத்திப் பிடித்திருப்பீர்கள். மரம் சூடேறி வழவழப்பாகிவிட்டால் சாயம் உள்ளே இறங்காது.

12 அங்குலத் தட்டுக்கு நிமிடத்துக்கு 500 முதல் 750 சுற்று போதும். கடைசிச் சீவலுக்கு முன் உளியைக் கட்டாயம் சாணை பிடியுங்கள், இன்னும் கூர் இருக்கிறது என்று தோன்றினாலும். சீவல் தலைமுடி மாதிரி மெலிதாக வர வேண்டும். பிறகு 120, 180, 240 என்று உப்புத்தாள் (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்). ஒவ்வொரு நம்பரையும் முடிக்கும்போது லேத்தை நிறுத்திவிட்டு, நார் ஓடும் திசையில் கையால் தேயுங்கள். வட்டக் கீறல் வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாது, சாயம் பட்டதும் பல்லிளிக்கும். அப்புறம் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நார் சிலிர்த்து எழும். 320-ஆல் லேசாக ஒரு தடவு தடவினால் போதும்.

இனிதான் ருசியான வேலை. நேரடியாக நீலம் பூசாதீர்கள். முதலில் நீர்த்த கறுப்புச் சாயம். காய்ந்ததும் 240-ஆல் தேய்த்தால் மற்ற இடமெல்லாம் வெளுத்து, அலையின் மடிப்புகளில் மட்டும் கறுப்பு தங்கும். அதன்மேல் நீலம் ஏறும்போது தட்டு தண்ணீர் போல அசையும். மாமரத்தின் வெளிறிய பகுதியில் இது நன்றாக வரும், பழுப்பு ஏறிய நடுப்பகுதியில் நிறம் மங்கும். பண்ருட்டிப் பலாவில் ஒருமுறை இதைச் செய்து, வேப்பிலை நிறத்தில் ஒரு தட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். பலா இயல்பிலேயே மஞ்சள் அல்லவா!

மா, முந்திரிக் குடும்பத்து மரம். தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம். முடிந்த தட்டை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் நீலம் வெளுக்கும். சாயம் ஏறிய தட்டில் சாப்பாடும் வேண்டாம்.

கையில் இருக்கும் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். லேத் கவ்விப் பிடிப்பதற்காகப் பின்பக்கத்தில் விட்ட மரப்பிடி இன்னும் வெட்டுப்படாமல் இருந்தால், ஸ்பிரிட் துணியால் பாலிஷைத் துடைத்துவிட்டு மறுபடி லேத்தில் மாட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் சீவினால் பெரும்பாலும் புது மரம் வந்துவிடும். கறுப்பை மட்டும் முதலில் அடிப்பக்கத்தில் பூசிப் பாருங்கள்.