கணினி கேள்வி-பதில்: வேகத்தைக் குறையுங்கள், தம்பி

கேள்வி: அண்ணா, நான் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டியவன். போன வருஷம் லாரிக் கதவில் நசுங்கியதில் வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்குவதில்லை. இப்போது வீட்டில் கதை உள்ள கேம் ஒன்று ஆடுகிறேன். ஒரே சண்டையில் 20 தடவை செத்துவிட்டேன். "டிரெய்னர் போட்டுக்கோ" என்கிறான் மச்சான்; கேமை நமக்குச் சாதகமாக மாற்றும் புரோகிராமாம். அது ஏமாற்று வேலையா? ஆன்டிவைரஸ் வேறு கத்துகிறது.
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, தனியாக ஆடும் கேமில் யாரை ஏமாற்றப் போகிறீர்கள்? வீட்டில் கேரம் ஆடும்போது சின்னப் பையன் கோட்டைத் தாண்டிக் கை வைத்தால் விட்டுவிடுவோம். கிளப் போட்டியில் விடமாட்டோம். அதுபோல, ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடும் கேம் என்றால் டிரெய்னர் பக்கமே போகாதீர்கள். கணக்கை முடக்கிவிடுவார்கள்.

கேம் ஓடும்போது உங்கள் உயிர், காசு, குண்டு எல்லாம் ராம் என்கிற கணினி நினைவகத்தில் வெறும் எண்களாக இருக்கும். தண்டையார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த எண்களைத் தேடி மாற்ற உதவும் சீட் எஞ்சின் என்ற புரோகிராமில் அவற்றைத் தேடுவேன். கேமில் காசு 1,250 இருக்கிறதா? அந்த எண்ணைத் தேடினால் ஆயிரக்கணக்கில் இடங்கள் வரும். கேமுக்குள் போய் 50 காசுக்கு மருந்து வாங்கிவிட்டு, வந்து 1,200 என்று தேடினால் நாலைந்துதான் மிஞ்சும். இன்னொரு மருந்து வாங்கினால் சரியான இடம் சிக்கிவிடும். அதில் வேண்டிய எண்ணை எழுதிக்கொள்ளலாம். இந்தத் தேடலை வேறொருவர் முன்பே முடித்து, ஒரு பட்டனில் கட்டிக் கொடுத்ததுதான் டிரெய்னர்.

இன்னொரு புரோகிராமின் நினைவகத்தில் கை வைப்பதால் ஆன்டிவைரஸ் சந்தேகப்படுகிறது. ஆனால் அது கத்துவதெல்லாம் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ட இடத்தில் இறக்கிய ஒரு டிரெய்னரால் என் சென்டரில் நாலு கணினிக்கு விண்டோஸ் மறுபடி போட வேண்டி வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சாகாவரம் பட்டனை அமுக்காதீர்கள். நான் அமுக்கிப் பார்த்திருக்கிறேன்; இரண்டே நாளில் அந்த கேமைத் திறக்கவே மனசு வரவில்லை. உங்களுக்குப் பற்றாமல் போவது விரலுக்கான நேரம். சீட் எஞ்சினில் ஸ்பீட்ஹேக் என்று ஒன்று உண்டு, கேமின் வேகத்தையே குறைக்கும். எதிரி வாளை ஓங்குவதற்கும் வெட்டுவதற்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சண்டை அதே சண்டைதான், ஜெயித்தால் அது உங்கள் கை ஜெயித்தது. 2018-இல் வந்த செலெஸ்ட் கேமில் அதை உருவாக்கியவர்களே அசிஸ்ட் மோட் என்று வைத்து, வேகத்தைப் பாதி வரை குறைக்க விட்டிருக்கிறார்கள். உங்கள் கேமின் செட்டிங்ஸிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வெளிமருந்தே தேவையில்லை.

தொடங்கும் முன், நீங்கள் ஆடியவரை பதிவாகியிருக்கும் சேவ் ஃபைலைத் தனியாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள். கேம் அப்டேட் ஆனால் பழைய டிரெய்னர் பெரும்பாலும் வேலை செய்யாது, கேமே நின்றுபோகவும் கூடும். ஸ்பீட்ஹேக்கில் 1 என்றால் சாதாரண வேகம்; முதலில் 0.8 வையுங்கள். கை ஒத்துழைக்காவிட்டால் 0.7. அந்தச் சண்டையை எந்த எண்ணில் தாண்டினீர்கள் என்று அவசியம் எழுதுங்கள், தம்பி.